பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள்

மாணவர்களே, உங்கள் கைப்பேசியை எடுத்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை ஒன்றாகப் படித்த நண்பர்களின் புலனக் குழுவைத் திறந்து பாருங்கள். லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ், கெமெஞ்சே என நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டத்துப் பள்ளியில் நீங்கள் படித்திருந்தாலும் வகுப்பில் இருந்தவர்கள் சிலரே. ஒருவர் வராவிட்டால் அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிடும். படிவம் ஒன்றுக்குப் போனதும் அந்தக் கூட்டம் பிரிந்தது. ஒருவர் சிரம்பானுக்கும் இன்னொருவர் தம்பினுக்கும் போனார்கள். மற்றொருவரின் குடும்பம் தோட்டத்தை விட்டே வெளியேறி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனது.

குழுவில் இப்போதும் வாழ்த்துகளும் நகைச்சுவைப் படங்களும் வருகின்றன. ஆனால் ஒருவர் மட்டும் சில வாரங்களாக எதுவும் எழுதவில்லை. முன்பெல்லாம் எல்லாவற்றுக்கும் முதலில் பதில் போடுபவர் அவர். நீங்கள் அதைக் கவனித்தீர்களா? கவனித்திருந்தால் என்ன செய்தீர்கள்? 'பிஸியாக இருப்பான்' என்று விட்டுவிட்டீர்களா?

உங்கள் கையில் இருக்கும் அந்தச் சிறு கருவியால் அவருக்கு உண்மையிலேயே உதவ முடியுமா என்று அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பலகைச் சுவருக்குப் பின்னால்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பழைய லயத்து வீடுகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான் இருக்கும். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். அழுதாலும் கேட்கும். மனத்தில் உள்ளதை அம்மாவிடம் சொல்ல நினைத்தால்கூட, 'பக்கத்து வீட்டு அக்கா காதில் விழுந்தால் நாளைக்குத் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடுமே' என்ற பயம் வரும். ஆகவே, சுற்றிலும் ஆட்கள் இருந்தும் ஒருவர் தனியாக இருக்கலாம்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் தனிமை வேறு வகை. சிரம்பான், நீலாய் வட்டாரத்தில் பல தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. புதிய இடத்தில் கதவுகள் சாத்தியே இருக்கும். கோயில் திருவிழாவும் மாலை நேரப் பந்தாட்டமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வர இரவாகிவிடுகிறது.

இது ஒரு சிலருடைய பிரச்சினை மட்டுமல்ல. நமது சுகாதார அமைச்சு 2022இல் இளையோரிடையே நடத்திய தேசிய ஆய்வில், நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்வதாகத் தெரிய வந்தது. உங்கள் வகுப்பில் 32 பேர் இருந்தால், இந்தக் கணக்குப்படி 8 பேர். அந்த எட்டுப் பேரின் முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

பந்து வராதபோது மூளையில் என்ன நடக்கிறது?

2003இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய குழுவினரும் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். மாணவர்களை மூளை வருடும் கருவிக்குள் படுக்க வைத்து, கணினித் திரையில் பந்து எறியும் விளையாட்டைக் கொடுத்தார்கள். மொத்தம் மூன்று பேர் விளையாடுவதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் மற்ற இருவரும் ஆட்களே அல்லர். கணினிதான் அவர்களை இயக்கியது.

முதலில் பந்து மூவருக்கும் மாறி மாறி வந்தது. சில வீச்சுகளுக்குப் பிறகு, மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொண்டார்கள். மாணவருக்குப் பந்து வரவே இல்லை. அப்போது அவருடைய மூளையில் முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியின் செயற்பாடு கூடியது. உடல் வலி தரும் வேதனையோடும் தொடர்புடைய பகுதி அது. ஒதுக்கப்பட்டதாக அதிகம் வருந்தியவர்களுக்கு அந்தச் செயற்பாடும் அதிகமாக இருந்தது.

மனவலியும் உடல்வலியும் ஒன்றே என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. அந்தப் பகுதி வேறு பல வேலைகளையும் செய்கிறது. ஆய்வாளர்கள் இன்னும் இதை விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. முகம் தெரியாத இருவர், திரையில், பணமோ பரிசோ இல்லாத ஒரு விளையாட்டில் ஒதுக்கினாலே மனிதருக்கு வலிக்கிறது. அப்படியென்றால், தெரிந்த நண்பர்கள் இருக்கும் குழுவில் தன்னுடைய செய்திக்கு மட்டும் ஒருவரும் பதில் போடாதபோது எப்படி இருக்கும்?

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பந்து வராதது வலி தருமானால், ஒரு பந்து வந்தால்?

இருபத்து நான்கு கடிதங்கள்

கைப்பேசி இல்லாத காலத்திலேயே இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார். சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ. இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது, அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பெண்ணிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவை தந்த தெம்பை அவர் மறக்கவில்லை.

மருத்துவரான பின், கடும் மனச்சோர்வாலோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தாலோ மருத்துவமனைக்கு வந்து, வீடு திரும்பியதும் தொடர் சிகிச்சை வேண்டாம் என்றிருந்த 843 பேரை இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 கடிதங்கள் போயின. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான். உங்களை நினைத்தோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்பதே அவற்றின் சாரம். அறிவுரையும் கேள்விப் பட்டியலும் இல்லை. பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மற்றொரு பிரிவினருக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. 2001இல் வெளியான முடிவின்படி, முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன.

இது அமெரிக்கா, நம் மக்களுக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் பின்னர் நடத்திய ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்ட 1,867 பேர் அதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பாதிப் பேரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 18 பேரும், விசாரிக்கப்பட்ட பிரிவில் 2 பேரும் தற்கொலையால் இறந்திருந்தனர். இம்முடிவு 2008இல் வெளியானது.

விலை உயர்ந்த மருந்தும் பெரிய இயந்திரமும் இல்லாமல், ஒன்பது முறை விசாரித்ததில் கிடைத்த பலன் இது. ஆயினும் அளந்துதான் பேச வேண்டும். அமெரிக்கப் படைவீரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வின் முடிவுகள் கலவையாகவே இருந்தன. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. செய்தி அனுப்புவது மந்திரம் அல்ல. பலன் தரக்கூடிய, யாராலும் செய்ய முடிந்த ஒரு நல்ல காரியம்.

தொலைபேசி, மின்னஞ்சல், குறுஞ்செய்தி

1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச்சடங்குகளில் ஒன்று, பதினான்கு வயதுச் சிறுமிக்கானது. அவள் பூப்பெய்தியிருந்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கொடிய நோய் என்று பயந்து உயிரை விட்டிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் வாராவை விட்டு நீங்கவில்லை. 1953 நவம்பரில் அவர் லண்டன் தேவாலயம் ஒன்றில் தொலைபேசி வைத்து, மனம் உடைந்தவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது.

அங்கே ஓர் எதிர்பாராத விஷயம் நடந்தது. வாராவைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் இருந்தார்கள். பலர் அந்தத் தொண்டர்களிடம் பேசியதிலேயே மனம் லேசாகி, வாராவைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பினார்கள். அறிவுரை சொல்வதைவிடக் காது கொடுத்துக் கேட்பதுதான் உதவுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். சில மாதங்களிலேயே அழைப்புகளைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார்.

அதே வழியில் 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் தோன்றியது. சிரம்பானிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வைத் தொடங்கினார். மேலே சொன்ன உலகச் சுகாதார நிறுவன ஆய்வின் சென்னைப் பகுதியில் பங்காற்றியவரும் அவரே. 1994இல் சமாரிட்டன்ஸ் மின்னஞ்சல் வழியாகவும் உதவத் தொடங்கியது. 2013இல் அமெரிக்காவில் குறுஞ்செய்தியால் மட்டுமே இயங்கும் உதவிச் சேவை வந்தது. காலத்துக்கு ஏற்பக் கருவிகள் மாறின. உள்ளே இருக்கும் 'கேட்கும் காது' மாறவில்லை.

விரல் சொல்லும், வாய் சொல்லாது

நேரில் சொல்ல முடியாததைத் தட்டச்சில் சொல்ல முடிவது ஏன்? அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இதை ஆராய்ந்து எழுதினார். எதிரில் இருப்பவரின் முகம் தெரியவில்லை. அவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் இல்லை. யோசித்து, அழித்து, மீண்டும் எழுதலாம். இதனால் தயக்கம் தளர்கிறது. லயத்து வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு லாபமும் உண்டு. விரல்களின் சத்தம் பலகைச் சுவரைத் தாண்டாது!

ஆனால் தயக்கம் தளர்வதற்கு இரண்டு முகங்கள் உண்டு என்று சூலரே சொன்னார். மனம் திறந்து பேச வைக்கும் அதே விளைவுதான், நேரில் சொல்லத் துணியாத கொடுஞ்சொற்களையும் எழுத வைக்கிறது. இணையப் பகடிவதை வளர்வது இப்படித்தான்.

இன்னொரு குறையும் இருக்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கிண்டலாகவோ உண்மையாகவோ வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். நூற்றில் 78 முறை சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது 56 முறைதான். கண்ணை மூடி ஊகித்தாலே 50 வந்துவிடுமே! நாம் எழுதும்போது நம் குரல் நம் மனத்துக்குள் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. ஆகவே வருத்தத்தில் இருக்கும் நண்பரிடம் கிண்டல் வேண்டாம். எழுத்தில் குழப்பம் வந்தால் குரல்பதிவு அனுப்புங்கள் அல்லது அழைத்துப் பேசுங்கள்.

எப்படி எழுதுவது?

இதுவரை பார்த்த ஆய்வுகளிலிருந்து நான்கு வழிகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. குழுவில் கேட்காதீர்கள், தனியாக எழுதுங்கள். 'என்னடா, ஆளையே காணோம்?' என்று எல்லார் முன்னும் கேட்டால் அவர் இன்னும் ஒளிந்துகொள்வார்.

2. சிறிதாக, குறிப்பாக எழுதுங்கள். 'இன்று நம்ம பள்ளித் திடலைத் தாண்டி வந்தேன். நீ அடித்த கோல் ஞாபகம் வந்தது. உடனே பதில் போட வேண்டாம். சும்மா உன்னை நினைத்தேன்.' இந்தச் செய்தி அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறது: உன்னை நான் மறக்கவில்லை.

3. விடாமல், ஆனால் விரட்டாமல் அனுப்புங்கள். ஒரே நாளில் இருபது செய்தி வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டு நீலக் குறிகள் விழுந்து பதில் வராவிட்டால் கோபப்படாதீர்கள். மோட்டோவின் கடிதங்களும் பதிலை எதிர்பார்த்து எழுதப்படவில்லை.

4. அவர் பேசத் தொடங்கினால் கேளுங்கள். 'இதெல்லாம் ஒரு விஷயமா?', 'நீ பலமாக இருக்கணும்', 'எனக்கும் இதைவிடப் பெரிய பிரச்சினை வந்தது' ஆகிய மூன்றும் கதவை மூடும் வாக்கியங்கள். 'கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. எப்போதிருந்து இப்படி?' என்பது கதவைத் திறக்கும் வாக்கியம்.

காக்கக்கூடாத ரகசியம்

இப்போது மிக முக்கியமான பகுதி. நண்பர் 'வாழவே பிடிக்கவில்லை', 'நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்று எழுதினால் என்ன செய்வது? விளையாட்டாகச் சொல்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள். 'உயிரை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறாயா?' என்று நேரடியாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது என்பதே இதுபற்றிய ஆய்வுகளின் முடிவு.

அடுத்து, அன்றைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். உங்கள் அம்மா, அப்பா, நண்பரின் அக்கா, பள்ளி ஆலோசக ஆசிரியர், பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. 'யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்' என்று அவர் கெஞ்சலாம். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். 'உன்னோடு இருப்பேன், ஆனால் இதை நாம் இருவர் மட்டும் சுமக்க முடியாது' என்று சொல்லுங்கள். நண்பர் ஒரு மாதம் உங்களோடு பேசாமல் போகலாம். கோபம் தீரும். உயிர் போனால் திரும்பாது.

கிணற்றில் விழுந்தவரைக் காப்பாற்றத் தானும் குதிப்பவர் நல்ல நண்பர்தான். ஆனால் கயிற்றைப் போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிடுபவரே காப்பாற்றுபவர். உங்கள் செய்தி அந்தக் கயிறு. இழுத்து மேலே தூக்கப் பெரியவர்கள் வேண்டும். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து தனியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்:

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929. 24 மணி நேரமும் இயங்கும். பேசுபவரின் விவரம் ரகசியமாக இருக்கும். தமிழ் பேசும் தொண்டர் இருக்கிறாரா என்று கேட்கலாம். மின்னஞ்சலிலும் எழுதலாம்.

தாலியான் காசே: 15999. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் சேவை. வீட்டில் அடி, வன்கொடுமை என்றாலும் இங்கே சொல்லலாம். புலன எண் 019-261 5999.

தாலியான் ஹீல்: 15555. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 999.

'சொன்னால் போலீஸ் பிடித்துவிடுமே' என்ற பயம் முன்பு இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 309 மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பது குற்றமல்ல.

பரிவு காட்டும் அந்நியர்

தனிமையில் இருப்பவரைத் தேடி வருபவர்கள் எல்லாரும் நல்லவர்கள் அல்லர். இணைய விளையாட்டிலோ சமூக ஊடகத்திலோ பழக்கமாகி, 'உன்னை நான் மட்டும்தான் புரிந்துகொள்கிறேன்' என்று சொல்லி, பிறகு படம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று அடையாளங்களை நினைவில் வையுங்கள். உங்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பார். ரகசியமாக வைக்கச் சொல்வார். படமோ பணமோ சந்திப்போ கேட்பார். உண்மையான நண்பர் உங்களை இன்னும் பலரோடு சேர்த்து வைப்பார். பாலியல் நோக்கத்தோடு பிள்ளைகளிடம் இப்படி நெருங்குவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். ஏமாந்திருந்தாலும் தவறு உங்களுடையது அல்ல. அந்தச் செய்திகளை அழிக்காமல் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள்.

அந்த மௌனமான நண்பர் நீங்களாக இருந்தால்

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு, 'குழுவில் எழுதாமல் இருப்பது நான்தான்' என்று தோன்றியிருக்கும். நீண்ட கடிதம் எழுத வேண்டியதில்லை. ஒருவருக்கு, ஒரு வரி போதும்: 'எனக்கு மனசு சரியில்லை. நேரம் இருக்கும்போது பேசலாமா?' அவர் பார்க்கவில்லை என்றால் இன்னொருவருக்கு அனுப்புங்கள். இரவில் எல்லாமே பெரிதாகத் தெரியும். களைத்த மூளை நல்லதை மறந்து கெட்டதைப் பிடித்துக்கொள்ளும். விடியும் வரை காத்திருக்க முடியவில்லை என்றால் மேலே உள்ள எண்ணை அழையுங்கள். அந்த நேரத்திலும் ஒருவர் விழித்திருக்கிறார்.

செய்து பாருங்கள்

1. 'சரி, விடு' என்ற இரண்டு சொற்களைக் கோபமாக, அன்பாக, சோகமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு அதையே எழுதி மூன்று நண்பர்களிடம் காட்டி, எந்த உணர்வு என்று கேளுங்கள். விடைகளை ஒப்பிடுங்கள்.

2. எந்த நேரத்திலும் நீங்கள் பேசக்கூடிய மூன்று பெரியவர்களின் பெயரை எழுதுங்கள். மூன்று கிடைக்கவில்லை என்றால், ஆலோசக ஆசிரியரின் அறை எங்கே இருக்கிறது என்று இந்த வாரம் தெரிந்துகொள்ளுங்கள்.

3. கடைசியாக, அந்தப் புலனக் குழுவை மீண்டும் திறங்கள். வெகுநாளாக எழுதாதவர் யார்? அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால், அடுத்த வாரம் இந்த இணைப்பிதழ் உங்கள் கைக்கு வரும் நாளில் இன்னொன்று அனுப்புங்கள்.